கடல் முள்ளெலி முட்டைகளில் புற்றுநோயைக் கண்டவர்

உயிரணுப் பிரிவுப் பாடத்தில் ஒரு படம் வரும். இரண்டு முனைகள், நடுவே வரிசையாக நிற்கும் குரோமோசோம்கள், அவற்றை இருபுறமும் இழுக்கும் இழைகள். தேர்வுக்காக அதை வரைந்து பழகாத அறிவியல் மாணவர் இருக்க முடியாது. அந்த முனைகளில் இருக்கும் நுண்பொருளுக்குச் சென்ட்ரோசோம் என்று பெயர் வைத்தவர் ஜெர்மானிய உயிரியலாளர் தியோடோர் பொவேரி. ஆனால் அவரை நினைவில் வைத்திருக்க அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

பொவேரி 1862இல் பாம்பெர்க் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் முதலில் வரலாறும் தத்துவமும் படிக்கச் சென்று, விரைவிலேயே உடற்கூற்றியலுக்கு மாறினார். அவருடைய சகோதரர் வால்டர், பிரவுன் பொவேரி என்ற புகழ்பெற்ற மின்பொறியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். தியோடோருக்கோ நுண்ணோக்கிதான் உலகம். குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவை முதலில் ஆராய்ந்தார். அதன் முட்டையில் நான்கு குரோமோசோம்கள், சில வகைகளில் இரண்டு மட்டுமே இருந்ததால் அவற்றை எண்ணுவதும் பின்தொடர்வதும் எளிதாயிற்று. 1893இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார்.

குரோமோசோம்கள் எல்லாம் ஒன்றுபோலத்தானா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டா? அன்று யாருக்கும் விடை தெரியாது. இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் கிடைத்த கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கொண்டு பொவேரி விடை தேடினார்.

சாதாரணமாக ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுதான் நுழையும். பொவேரி விந்தணுக்களை மிகுதியாகச் சேர்த்து, சில முட்டைகளுக்குள் இரண்டு நுழையும்படி செய்தார். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். முட்டையிலிருந்து 18, விந்தணுக்களிலிருந்து 18 வீதம் 36, ஆக மொத்தம் 54 குரோமோசோம்கள். அவை இரட்டிப்பாகி 108 ஆகும். முனைகளும் இரண்டுக்குப் பதில் நான்காகிவிடும். முட்டை ஒரே நேரத்தில் நான்கு உயிரணுக்களாகப் பிரியும்போது ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 27 கிடைக்கும்.

ஒரு தொகுதியான 18 குரோமோசோம்கள் இருந்தாலே கடல் முள்ளெலியின் கரு வளரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. அப்படியானால் 27 தாராளம். இருந்தும் அந்தக் கருக்கள் ஏறக்குறைய எல்லாமே கெட்டுப்போயின. நான்கு உயிரணுக்களையும் பிரித்துத் தனித்தனியே வளர்த்தபோது, ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டத்தில், வெவ்வேறு விதமாகச் சீர்கெட்டது. எண்ணிக்கையில் குறையில்லை, ஏதோ ஒரு வகைக் குரோமோசோம் விடுபட்டதுதான் குறை. ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தன்மை உடையது என்பதை 1902இல் பொவேரி இவ்வாறு நிலைநாட்டினார். என் பார்வையில், விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் செய்யப்பட்ட மிக அழகான சோதனைகளுள் இதுவும் ஒன்று.

தவறான பங்கீடு பெற்ற உயிரணு பெரும்பாலும் இறந்துவிடும். இறக்காமல், பிரிவதைத் தடுத்து நிறுத்தும் கட்டுப்பாட்டை மட்டும் இழந்துவிட்டால்? அது நிற்காமல் பெருகிக்கொண்டே போகும். புற்றுநோய் உயிரணுக்களில் ஒழுங்கற்ற பிரிவு இருப்பதை ஹான்சிமன் என்ற மருத்துவ ஆய்வாளர் ஏற்கெனவே கண்டிருந்தார். அது ஏன் நோயாகிறது என்பதற்கு ஒரு விளக்கத்தைப் பொவேரி 1914இல் ஒரு சிறு நூலாக எழுதினார். கட்டி ஒரே ஓர் உயிரணுவிலிருந்து தொடங்கலாம், பிரிவைத் தூண்டும் பகுதிகளும் தடுக்கும் பகுதிகளும் குரோமோசோம்களில் இருக்கலாம் என்றெல்லாம் அதில் ஊகித்திருந்தார். மருத்துவர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. எழுதியவர் விலங்கியலாளர், கட்டிகளிலிருந்து எடுத்த சான்று அவரிடம் இல்லை.

அதைத் தேட அவருக்கு ஆயுளும் இல்லை. பெர்லினில் புதிதாக அமைந்த உயிரியல் ஆய்வுக் கழகத்தின் தலைமைப் பொறுப்பு தேடிவந்தபோது, உடல்நலக் குறைவால் 1913இல் அதை மறுத்திருந்தார். 1915 அக்டோபரில், முதல் உலகப் போரின் நடுவே, 53 வயதில் காலமானார்.

1960இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வகை இரத்தப் புற்றுநோயாளிகளின் உயிரணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 1986இல், பிரிவைத் தடுக்கும் மரபணு ஒன்று விழித்திரைப் புற்றுநோய் ஆய்வின் வழியாக முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது.

பொவேரியின் மனைவி மார்செல்லா ஒ'கிரேடி அமெரிக்கர். அவரும் உயிரியலாளர், வாசர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். வூர்ட்ஸ்பர்க்கிற்கு ஆய்வு செய்ய வந்து 1897இல் பொவேரியை மணந்தார். கடல் முள்ளெலி ஆய்வுகளில் கூடவே உழைத்தார். கணவர் இறந்தபின் அமெரிக்கா திரும்பி, மீண்டும் கல்லூரியில் பாடம் நடத்தினார். அலட்சியப்படுத்தப்பட்ட அந்தச் சிறு நூலை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929இல் வெளியிட்டார். 1950இல் அவர் மறைந்தபோது, ஃபிலடெல்ஃபியா கண்டுபிடிப்புக்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன.