வள்ளலார் வகுத்த இரு மருந்துகள்

எங்கள் கம்மாபுரத்துக்குக் கிழக்கே, வடலூரில் 1867இல் வள்ளலார் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்கர் பசியைப் பிணியாகவே கண்டார். பொருளியல் பயின்ற எனக்கு அவர் வாழ்வில் அதுவே தலையாயது.

ஆயினும் அன்னமிட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. அளவான உணவு, புலால் மறுத்தல், கரிசலாங்கண்ணி, தூதுவளை, அளவான உறக்கம், உலாவுதல் என அன்பர்களுக்கு அன்றாட ஒழுக்கமும் வகுத்தார். 1874இல் மேட்டுக்குப்பத்தில் அவர் சித்தியடைந்த இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் வந்தது.

இன்றோ நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்கிறது 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு. இல்லாமைக்கு அவர் தந்த மருந்தை நியாயவிலைக் கடையாகவும் சத்துணவாகவும் அரசு ஏற்றது. மிகுதிக்குத் தந்த மருந்தை நாம்தான் உண்ண வேண்டும்.