நீர்ப்பறவைகளின் நண்பர் மா. கிருஷ்ணன்

ஒரு நாட்டின் பெருமையை அதன் கோயில்களாலும் கோட்டைகளாலும் அரசர் பெயர்களாலும் அளந்தறிவது உலக வழக்கு. அந்நாட்டின் ஏரியில் எந்தப் பறவை கூடு கட்டுகின்றது, எந்த மரத்தை அது நாடுகின்றது, எந்தத் திங்களில் குஞ்சுகளோடு பறந்து போகின்றது என்று கேட்பார் மிகச் சிலரே. அச்சிலருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்க தமிழர் ஒருவரின் வரலாற்றை இம்மலரிற் சுருங்கக் கூற விழைகின்றோம். பேனாவும் புகைப்படக் கருவியுமே துணையாக, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் காடும் கழனியும் ஏரியும் சுற்றிய மா. கிருஷ்ணன் அவர்களே அவர்.

கிருஷ்ணன் 1912-ம் ஆண்டு ஜூன் 30-ம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். தமிழ் நாவல் வரலாற்றைக் கற்போர் யாவரும் அறிந்த ‘பத்மாவதி சரித்திர’த்தின் ஆசிரியர் அ. மாதவையாவே இவருடைய தந்தையார். மக்கள் எண்மருள் இவரே கடைக்குட்டி. மாதவையா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர். அரசாங்க உப்பு இலாகாவில் அலுவல் பார்த்துக்கொண்டே தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல்கள் இயற்றியவர். குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. அக்காலத்து மயிலாப்பூரைச் சூழ்ந்து புதர்க்காடுகள் இருந்தன, பறவைகள் மலிந்திருந்தன, நரியும் வெளிமானும் கண்ணிற்படும். கீரிப்பிள்ளையை வளர்த்து விளையாடிய சிறுவனுக்கு அப்புதர்க்காடே முதற் பள்ளிக்கூடமாயிற்று.

1925-ம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சென்னைப் பல்கலைக்கழகச் செனட் அவையில், பட்டப் படிப்பிலே தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று வாதித்துப் பேசிய மாதவையா அவ்விடத்திலேயே சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தமிழுக்காகப் பேசிய நாவோடு தந்தை மறைந்ததை நினைக்குந்தோறும் தமிழ் மாணவராகிய எம் உள்ளம் நெகிழ்கின்றது. தந்தை விட்டுச் சென்ற செல்வம் பொருளன்று. எழுத்தும் அஞ்சாமையுமே ஆகும்.

1927-ல் கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல் எழுதிய பைசன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் அப்போது அங்கிருந்தார். அவரோடு மலைகளுக்குச் சென்று செடிகளை இனங்கண்டு பழகினார் கிருஷ்ணன். அவர் மனைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார். பின்னர்த் தாவரவியலில் எம். ஏ. பட்டமும், அதன்மேற் சட்டப் படிப்பும் முடித்தார். எனினும், பட்டங்கள் அவருக்குப் பெரும் பதவி எதனையும் தேடித் தரவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதியும், படம் வரைந்தும், அச்சகம், வானொலி முதலியவற்றிற் சிறு அலுவல்கள் பார்த்தும் காலங் கழித்தார். 1937-ல் இந்துமதி அம்மையாரை மணந்தார்.

1942-ல் பல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானம் அவரை அழைத்தது. அங்கு ஆசிரியராகவும், நீதிபதியாகவும், விளம்பர அதிகாரியாகவும், மன்னரின் அரசியற் காரியதரிசியாகவும் பல பணிகள் ஆற்றினார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் குன்றுகளிலே திரிந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். தூதுப் புறாக்களை வளர்த்தார். 1949-ல் சமஸ்தானம் இந்திய நாட்டோடு இணைந்தது. சென்னைக்குத் திரும்பிய கிருஷ்ணன், மாதச் சம்பளத்தை நாடாமல், எழுத்தையும் புகைப்படத்தையுமே நம்பி வாழத் துணிந்தார். மனைவியும் குழந்தையும் உடைய ஒருவருக்கு அது எளிய துணிவு அன்று.

1950 முதற் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில், நாட்டுப்புறக் குறிப்பேடு என்று பொருள்படும் தலைப்பில், இரு வாரத்திற்கு ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். கட்டுரைகளுக்குத் தம் கையாலேயே படமும் வரைந்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் அத்தொடர் முறியவில்லை. புலியும் யானையும் மட்டும் அவருக்குப் பொருளாகவில்லை. வீட்டுத் தோட்டத்து அணிலும், சாலையோரத்துக் காக்கையும், வேலியிற் கிடந்த ஓணானும் அவர் எழுத்தில் இடம் பெற்றன.

இனி, அவரது புகைப்படக் கலையைக் காண்போம். இன்று கையடக்கக் கருவியொன்று நொடிக்குப் பல படம் எடுத்துத் தருகின்றது. கிருஷ்ணன் காலத்திலோ படச்சுருள் விலையுயர்ந்தது. ஒளியையும் தொலைவையும் கண்ணாற் கணித்து அமைத்தல் வேண்டும். அவர் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல கருவிகளின் உறுப்புக்களை ஒன்று சேர்த்துத் தாமே அமைத்த கனத்த காமிரா ஒன்றுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். பழக்கிய யானையின் முதுகில் ஏறிச் சென்று காட்டானைக் கூட்டத்தைப் படம் பிடிப்பார். வீட்டிலேயே இருட்டறை அமைத்துப் படங்களைத் தாமே கழுவி அச்சிடுவார்.

அக்கலை கடுஞ்சோதனைக்கு உள்ளாகும் இடம் நீர்ப்பறவைகள் கூடும் ஏரியாகும். வெண்கொக்கு ஒன்று உச்சி வெயிலிற் கரும்பச்சை இலைகளின் நடுவே நிற்கின்றது என்று கொள்வோம். இலைகளுக்கு ஏற்ப ஒளியை விட்டால், கொக்கின் இறகு வரியின்றி வெறும் வெள்ளைத் திட்டாகி விடும். கொக்குக்கு ஏற்ப ஒளியைக் குறைத்தால், இலைகள் மையிருளாகி விடும். வண்ணத்தின் உதவி இல்லாத படத்தில் ஒளியும் நிழலுமே பேச வேண்டும். ஆதலின், காலையோ மாலையோ கதிர் சாயும் வரை காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கும்போது கண் சும்மா இருப்பதில்லை, காண்கின்றது. இவ்வாறு படமெடுக்கச் சென்றவர் ஆராய்ச்சியாளராகவும் திரும்பி வந்தார்.

நம் வேலூரையும் ஆம்பூரையும் தழுவிச் செல்லும் பாலாறு, கிழக்கே காஞ்சியைக் கடந்து செங்கற்பட்டுச் சீமையிற் கடலை அடைகின்றது. அச்சீமையில் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள சிற்றூரே வேடந்தாங்கல். அவ்வூர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ முப்பது ஹெக்டேர். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்ததும், நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், கரண்டிவாயனும், அரிவாள்மூக்கனும், நீர்க்காகமும், வக்காவும் ஆயிரக்கணக்கிற் கூடிக் கூடு கட்டும். மாலையிற் கொக்குகள் கூட்டுக்குத் திரும்பும் வேளையில் வக்காக்கள் இரை தேடப் புறப்படும். வருவாரும் போவாருமாக வானம் ஒரு சந்தைபோற் காட்சி தரும்.

அப்பறவைகளை முதலிற் காத்தது அரசாங்கம் அன்று, அவ்வூர் உழவர்களே. எச்சம் கலந்த ஏரிநீர் நெல்லுக்கு நல்லுரமாவதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுக் காப்புச் சாசனம் பெற்றனர் என்றும் வரலாறு கூறுகின்றது. 1936-ல் அரசாங்கம் அவ்வேரியைப் பறவைகளின் புகலிடமாக ஏற்றது. 2022-ல் அது ராம்சார் என்னும் உலக ஒப்பந்தப் பட்டியலிலும் இடம் பெற்றது.

இவ்வேரியைப் பற்றிக் கிருஷ்ணன் தனிச் சிறுநூல் எழுதினார். நீர்ப்பறவைகள் பல இனமாய் ஓரிடத்தில் நெருங்கிக் கூடு கட்டுவது ஏன் என்ற வினாவையும் ஆராய்ந்தார். கூடு கட்டத்தக்க இடமும், கூட்டிற்கு வேண்டிய சுள்ளி முதலிய பொருள்களும் கிடைப்பதே அதற்கு இன்றியமையாத காரணம் என்பதை, 1978-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் விளக்கினார். இரை உள்ள இடமெல்லாம் பறவை குடியேறும் என்று எண்ணுகின்றோம். மரம் இல்லையேற் கூடு ஏது? சுள்ளி இல்லையேற் குஞ்சு ஏது? ஏரியை மட்டும் காத்துச் சூழ்ந்துள்ள மரங்களை வெட்டுதல் பயனற்ற காவல் என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் கற்போருக்குக் கிருஷ்ணன் தரும் பாடம் ஒன்று உண்டு. பழைய இலக்கியங்களிற் செடி, கொடி, விலங்கு, பறவை வருமிடங்களில் உரைகள் பல, ஒருவகை மரம் என்றோ ஒருவகைப் பறவை என்றோ கூறி அமைகின்றன. நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை கண்ட சத்திமுற்றப் புலவர், அப்பறவையைக் கண்ணாரக் கண்டன்றோ பாடியிருப்பார்? புலவர் கண்டதை நாம் காணாது பாட்டை மட்டும் நெட்டுருச் செய்தல் முழுக் கல்வியாகாது. கிருஷ்ணனோ பாட்டையும் அறிந்திருந்தார், பறவையையும் அறிந்திருந்தார். பெ. தூரன் முதன்மையாசிரியராயிருந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கு உயிரினங்களைப் பற்றிக் கட்டுரைகள் உதவினார். அவர்தம் தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுக்க, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் பெயரால் 2002-ல் நூலாக வெளிவந்தது. ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் இயற்கையிலே வேரூன்றியுள்ளது என்பதும், அயல்நாட்டு மரங்களைக் கொணர்ந்து நட்டு நம் மரங்களை மறத்தல் தகாது என்பதும் அவர் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கொள்கைகள்.

இந்திய அரசாங்கம் அவருக்குப் ‘பத்மஸ்ரீ’ விருது அளித்தது. நேரு பெயரால் அமைந்த ஆராய்ச்சி உதவி பெற்றுத் தென்னாட்டுப் பெருவிலங்குகளை ஆராய்ந்தார். இந்திய வனவிலங்கு வாரியத்திற் பல்லாண்டுகள் உறுப்பினராயிருந்து, தம் மனத்திற்பட்டதை மறையாது உரைத்தார். 1996-ம் ஆண்டு பிப்ரவரி 18-ம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அவரது கடைசிக் கட்டுரை அன்றைய பத்திரிகையிலேயே வெளிவந்திருந்தது. தந்தை பேச்சினிடையே மறைந்தார். மைந்தர் எழுத்தினிடையே மறைந்தார்.

அதே 1996-ம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தோல் பதனிடுந் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் அதன் கரைநிலங்களையும் கெடுத்தது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதென்று அத்தீர்ப்பிற் காணப்படுகின்றது. கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகும் என்று அத்தீர்ப்பு உரைத்தது. தோல் தொழில் இப்பகுதியில் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிடுகின்றது. அதனைப் பழித்தல் எம் கருத்தன்று. ஆயின், சோறும் நீரும் ஒன்றையொன்று பகைத்தல் கூடாது. வேடந்தாங்கல் உழவர் தம் வயலையும் பறவையையும் ஒருங்கே காத்தனர் அல்லரோ? அவர் செய்ததை அறிவியல் கற்ற நாம் செய்ய இயலாது என்பது பொருந்துமா?

மழை பெய்த ஆண்டுகளில் நம் ஊர் ஏரிகளிலும் கொக்கும் நாரையும் வந்து இறங்குகின்றன. அவற்றைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. விடியலில் எழும் ஊக்கமும், அசையாது நிற்கும் பொறுமையும், கண்டதைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். எந்நாளில் எப்பறவை வந்தது, எம்மரத்திற் கூடு கட்டியது, எவ்வாண்டு வாராது நின்றது என்று ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு மாணவர் எழுதி வைப்பாராயின், அவ்வேரியின் பொருட்டுப் பின்னர் வழக்குரைப்பார்க்கு அதுவே சான்றாகும். கிருஷ்ணன் அவர்களுக்கு நாம் எடுக்கத்தக்க நினைவுச் சின்னமும் அதுவேயாகும்.