அலிகர் கல்லூரியும் சர் சையித் அகமது கானும்

தில்லி மாநகரில், முகலாய அரசவையோடு தொடர்புடைய குடும்பத்தில், 1817 அக்டோபர் 17 அன்று பிறந்தவர் சர் சையித் அகமது கான். கம்பெனியாரின் நீதித்துறையில் பணியேற்று 1876இல் ஓய்வு பெற்ற அன்னாரை, அலிகர் கல்லூரியின் நிறுவநர் என யாவரும் அறிவர். அக்கல்லூரியின் பணத்தையும் ஆட்சியையும் பற்றி எழுந்த பூசல்களை அறிந்தோர் சிலரே. அவற்றையே இவண் காண்போம்.

1857ஆம் ஆண்டின் பேரழிவுக்குப்பின் சமுதாயம் கல்வியாலேயே தலைநிமிரும் எனக் கண்டார் அவர். 1870இல் இங்கிலாந்திலிருந்து திரும்பியதும் கல்லூரிக்குக் கால்கோள் இடவில்லை. குழு ஒன்றை அமைத்து, முஸ்லிம்கள் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பத் தயங்குவது ஏன் என்னும் பொருளில் பரிசுக் கட்டுரைகளை வரவேற்றார். மார்க்கக் கல்வி இன்மையே பெற்றோரின் பெருங்குறை என்பது புலனாயிற்று. பெற்றோர் மனத்தை முதலில் கேட்டறிந்த இச்செயலை அவர்தம் வாழ்வின் தலைசிறந்த செயல்களுள் ஒன்றெனக் கொள்வேன்.

ஆயினும் அவருடைய மார்க்கக் கருத்துகள் ஆலிம்கள் பலருக்கு உடன்பாடாகவில்லை. அவருக்கு எதிராக மக்கா வரை சென்று ஃபத்வா பெற்று வந்தனர். பிள்ளைகளின் ஈமான் கெடுமோ என அஞ்சிய பெற்றோர்க்கு அவர் அளித்த விடை சொல்லன்று, செயல். மார்க்கக் கல்வியை மேற்பார்க்கத் தனிக் குழுவை ஏற்படுத்தி, அதில் தாம் இடம்பெறாது ஒதுங்கினார். சுன்னத் ஜமாஅத்தினர்க்கும் ஷியாக்களுக்கும் தனித்தனியே பாட ஏற்பாடு செய்யப்பெற்றது. 1875 மே 24இல் பள்ளி தொடங்கியது. 1877 சனவரியில் வைசிராய் லிட்டன் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்.

பணம் திரட்டிய வகையோ வியப்புக்குரியது. கண்காட்சி மேடையேறிக் கவிதை பாடினார், நூல் விற்றார், குலுக்குச் சீட்டும் நடத்தினார். (இஃது மார்க்கத்திற்கு முரண் என அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது, அக்கண்டனத்தில் நியாயம் உண்டு.) இந்துப் பெருமக்களும் ஈந்தனர். ஈந்தோர் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பெற்றன.

பலர் பொருளால் எழுந்த அந்நிறுவனத்தின் ஆட்சி சிலர் கையில் நிலைபெற்றது 1889இல். அவ்வாண்டு கொணர்ந்த அறங்காவலர் சட்டப்படி சர் சையித் செயலராக நீடிக்க, அவர் மகன் நீதிபதி சையித் மஹ்மூத் இணைச் செயலராகவும் அடுத்துப் பொறுப்பேற்பவராகவும் ஆனார். முதல்வர் தியடோர் பெக் முதலான ஐரோப்பிய ஆசிரியர்கள் இதனை விரும்பினர். தம் நிலை பாதுகாக்கப்பெறும் என நம்பினர். எதிர்த்து நின்றவர் மௌலவி சமீஉல்லாஹ் கான். சர் சையித் காசியில் பணியாற்றியபோது அலிகரில் இருந்து பள்ளியைத் தொடங்கி வைத்தவர் அவரே. ஐரோப்பிய ஆசிரியர்க்கு இத்துணைச் செல்வாக்கு ஆகாது என்றும், செயலர் பதவி தந்தை வழி மகனுக்குச் செல்லலாகாது என்றும் அவர் வாதிட்டார். பெரும்பான்மை வாக்கு அவருக்கு எதிராகவே அமைந்தது. அவர் விலகி, பின்னர் அலகாபாத்தில் முஸ்லிம் மாணவர்க்கு விடுதி அமைத்தார்.

நல்லாசிரியர் நிலைக்க வேண்டும் என்ற சர் சையிதின் கவலை மெய்யானது. எனினும் நெடுநாள் நண்பர் கூறிய மறுப்பை அவர் செவிமடுத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

1895இல் கல்லூரி அலுவலகத் தலைமை எழுத்தர் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் கையாடியமை வெளிப்பட்டது. ஒவ்வொரு காசையும் கையேந்திப் பெற்ற முதியவர்க்கு அஃது ஆறாப் புண்ணாயிற்று. நம்பிக்கையின் மேல் நடந்த கணக்கு. தணிக்கை செய்வார் இலர். மாணவர் தொகை குறைந்தது, கடன் மிகுந்தது. 1898 மார்ச் 27இல் அவர் வஃபாத்தானபோது இறுதிச் சடங்கிற்கும் நண்பர் முஹ்ஸினுல் முல்க் பணம் தரவேண்டியிருந்தது. கல்லூரிப் பள்ளிவாசலின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

மகன் மஹ்மூதின் பொறுப்பு ஓராண்டுக்குள் முடிவுற, 1899இல் முஹ்ஸினுல் முல்க் செயலரானார். முதல்வர்க்கும் செயலர்க்கும் உள்ள அதிகார எல்லை பற்றிய வழக்கு, 1909இல் விகாருல் முல்க் செயலராயிருந்த காலத்தில் மீண்டும் வெடித்தது. அம்முறை அறங்காவலர்கள் செயலர் பக்கம் நின்றனர். முதல்வர் ஆர்ச்போல்டு பதவி விலகினார். சமீஉல்லாஹ் கான் இருபது ஆண்டுகட்கு முன் எழுப்பிய வினாவே அது.