சரபோஜி மன்னரும் தன்வந்திரி மகாலும்

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் இரண்டாம் சரபோஜியின் பெயரைக் கேட்ட அளவிலே அறிஞர் உள்ளத்தில் முந்தித் தோன்றுவது சரசுவதி மகால் நூல்நிலையமேயாகும். அது தக்கதே. ஆயினும் அந்நூல்நிலையத்துச் சுவடிகளுள் ஒரு பகுதி, அம்மன்னரது அரண்மனையில் மருந்தரைத்த அம்மியின் மணத்தோடு பிறந்தது என்பதை அறிந்தார் சிலரே. சுக்கும் மிளகும் கடுக்காயும் கீழாநெல்லியும் போன்ற எளிய பொருள்களின் பயனை ஆராய்ந்து ஏட்டில் ஏற்றுவித்த ஓர் அரசரது வரலாற்றினை, அவ்வளவில் வேண்டுவனவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, யாம் ஈண்டு எழுதப் புகுந்தனம்.

சரபோஜி கி. பி. 1777-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் பிறந்தவர். மகப்பேறில்லாத துளஜா மன்னர், தாம் நோயுற்றுக் கிடந்த 1787-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பத்தாம் ஆண்டு நடந்துகொண்டிருந்த இச்சிறுவரைச் சுவீகாரம் கொண்டு சின்னாளில் இறந்தனர். சுவீகாரம் செல்லாதென்று தீர்ப்புப் பெற்று, துளஜாவின் உடன்பிறந்தாராகிய அமர்சிங் அரியணை ஏறினர். பிள்ளை அரண்மனையில் ஒடுக்கப்பட்டுக் கல்வியுமின்றி இடர்ப்பட்டது. பிள்ளையைக் காக்குமாறு துளஜாவால் வேண்டப்பெற்றிருந்த சுவார்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் கும்பினியாரிடம் முறையிட்டு, 1793-இல் அவரைச் சென்னைக்கு அனுப்புவித்தனர். அங்கே ஆங்கிலமும் மேனாட்டுக் கலைகளும் அவர்க்குக் கைவந்தன. மீண்டும் வழக்கு ஆராயப்பட்டுச் சுவீகாரம் செல்லுமென்று துணியப்பட, 1798 ஜூன் 29-இல் முடி சூடினர். அதனைக் காண அப்பாதிரியார் இலர். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே அவர் இறந்துவிட்டனர். இங்கிலாந்தில் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பியைக்கொண்டு சலவைக்கற் சிற்பமொன்று செய்வித்துத் தம் ஆசானின் நினைவைத் தஞ்சையில் நிறுத்தினர் மன்னர். பாதிரியாரிடம் வளர்ந்தும் தம் முன்னோர் சமயத்தினின்று அவர் வழுவவில்லை என்பதற்கு, பெருவுடையார் கோயிற் சுவரில் 1803-இல் அவர் பொறிப்பித்த நெடிய மராட்டியக் கல்வெட்டே சான்றாகும்.

முடி சூடி ஓராண்டும் சில திங்களும் கழிந்த அளவில், 1799 அக்டோபர் 25-இல் எழுந்த உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி முழுதும் கும்பினியார் கைப்பட்டது. கோட்டையும் அதனைச் சூழ்ந்த சிறு நிலமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டு வருவாயில் ஐந்திலொரு கூறுமே மன்னர்க்கு எஞ்சின. அப்போது அவர் அகவை இருபத்திரண்டு. பகைவர்க்கு அஞ்சிப் பணிந்த பொம்மை வேந்தர் என்று இவரைப் பழிப்பாரும் உளர். அப்பழியை முற்றும் நீக்க யாம் முயலவில்லை. நாடு போயிற்று என்பது உண்மை. ஆனால் வரிப்பணத்தை இன்பத்திற் கரைத்து மடிந்த சிற்றரசர் பலர் வாழ்ந்த காலத்தில், கையிலிருந்த பொருளை இவர் எவ்வாறு செலவிட்டார் என்பதும் உடன்வைத்து எண்ணப்படல் வேண்டும்.

முதற்கண் அவர் போராடியது சத்திரங்களுக்காக. இராமேச்சுரம் செல்லும் யாத்திரிகர் தங்குதற்கு அவர் முன்னோர் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்திருந்தனர். அவை தம் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டுமென்று 1801-இல் கும்பினியின் அதிகாரிக்கு அவர் விடுத்த திருமுகம் இன்றும் படிக்கத்தக்கது. வந்தார்க்கெல்லாம் சோறிடுதல், பள்ளி நடத்துதல் என்பவற்றோடு, பிணிக்கும் வீக்கத்திற்கும் நச்சுக்கடிக்கும் மருந்தறிந்த வைத்தியர் ஆங்கு வைக்கப்பட்டிருத்தலையும், சூலுற்ற மகளிர் அங்கே மகப்பெறுவராயின் மருந்தும் உணவும் பெற்று மூன்று திங்கள் வரை தங்கலாம் என்பதையும் அதில் அவர் விரித்துரைக்கின்றார். தம் அன்புக்குரிய முக்தாம்பாள் மறைந்தபின் அவர் பெயரால் 1802-இல் ஒரத்தநாட்டில் எடுத்த சத்திரத்திலும் இவ்வறங்கள் நடந்தன.

இவ்வாறு வழியிடைச் சத்திரத்தில் தொடங்கிய மருத்துவ நோக்கம் அரண்மனையில் தன்வந்திரி மகால் எனப் பெயர் பெற்றது. திருமாலின் கூறாகக் கருதப்படும் தன்வந்திரியின் பெயரை இட்டமைக்கு நம்மவர் வருந்துதல் வேண்டா. புள்ளிருக்குவேளூரில் வைத்தியநாதப் பெருமான் திருமுன்னிலேயே தன்வந்திரிக்கும் இடமுண்டன்றோ? அம்மகாலில் சித்த வைத்தியரும், ஆயுர்வேத வைத்தியரும், யூனானி ஹக்கீம்களும், ஆங்கில வைத்தியரும் ஒருங்கிருந்தனர். ஒரு முறையார் மற்றொரு முறையாரைக் கண்டால் முகந்திரிந்து போதல் அக்காலத்தும் இக்காலத்தும் இயல்பு. அவரை ஒரு கூரையின்கீழ் அமர்த்தி வேலை கொண்டதே அரிய செயலென்பது எம் கருத்து. மக்களுக்கேயன்றி யானை, குதிரை முதலியவற்றிற்கும் அங்கே மருந்து ஆராயப்பட்டது. கண்நோயாளரின் குறிப்புக்கள் அவர்தம் கண்ணின் வண்ணப்படத்தோடு எழுதப்பட்டுச் சரசுவதி மகாலில் உள்ளன. கண்டோர், படம் எழுதிய கையின் பொறுமையை வியவாதிரார்.

பயன் கண்ட முறைகளை மன்னர் தொகுப்பித்து, அவைக்களப் புலவரைக்கொண்டு தமிழ்ச் செய்யுளாகவும் பாடுவித்தனர். சரபேந்திரர் வைத்திய முறைகள் எனப் பின்னர் வழங்கிய தொகுதி அதுவே. சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடிய கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவ்வவையை அணிசெய்த பெரும்புலவர் என்பதை நம் அன்பர் அறிவர். மருந்தைச் செய்யுளில் ஏன் கட்டுதல் வேண்டும் என்று வினவுவார்க்கு விடை எளிது. உரைநடை ஏட்டில் ஒரு சொல் விழுந்தால் தெரியாது. செய்யுளில் ஒரு சீர் விழுந்தால் ஓசை காட்டிக்கொடுக்கும். மிளகு இத்துணை வராகனெடை, நெய் இத்துணைப் பலம் என்னும் அளவு பிறழாமற் காத்தற்கு யாப்பினும் நல்ல காவலன் அந்நாளில் இல்லை.

இத்தகைய முறைகளில் அருமருந்துகளும் உள, அடுக்களைப் பொருள்களும் உள. பின்னவற்றைப் பற்றியே ஈண்டுச் சிறிது கூறுவோம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் கூடிய திரிகடுகு கபத்தை அறுத்துப் பசித்தீயை எழுப்புவதென்பதும், கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் கூடிய திரிபலை மலத்தை இளக்கி உடலைத் தேற்றுவதென்பதும் நம் நாட்டு வைத்தியர் அனைவர்க்கும் உடன்பாடு. இருமலுக்கு ஆடாதோடை, காமாலைக்குக் கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும், நீரிழிவுக்கு ஆவாரையும் நாவற்கொட்டையும், கண்ணுக்கு நந்தியாவட்டப் பூ, குன்மத்திற்குப் பிரண்டை, வயிற்றுப்பொருமலுக்கு ஓமம், பிள்ளைகளுக்கு வசம்பு என இவை வழிவழி வந்தன. (கரிசலாங்கண்ணியையும் தூதுளையையும் பிற்காலத்தில் பெரிதும் பாராட்டிய வடலூர் இராமலிங்க அடிகளுக்கு, சரபோஜி மறைந்தபோது ஒன்பது அகவை நிரம்பவில்லை.) பொருள் எளிது, செய்முறை எளிதன்று. சுக்கின் நஞ்சு புறத்தோலிலும், கடுக்காயின் நஞ்சு உள்ளிருக்கும் கொட்டையிலும் உள்ளதென்பர். ஆதலின் முன்னதைத் தோல் சீவியும் பின்னதைக் கொட்டை நீக்கியுமே கொள்ளுதல் மரபு. ஒரே சூரணம் தேனிற் குழைத்தால் ஒன்றும், நெய்யிற் குழைத்தால் வேறொன்றும், வெந்நீரில் மற்றொன்றுமாக வேலை செய்யும் எனத் துணைமருந்தை வகுத்தனர். இரசமும் பாடாணமும் கூடும் முறைகளைப் பற்றியோ, ஏட்டை மட்டும் நம்பித் தாமே செய்துகொள்ளத் துணிவார் உயிரோடு விளையாடுபவராவர்.

இங்கே ஒன்று ஆராய்தற்குரியது. நம் சித்தர் நூல்கள் மறைமொழியால் நிறைந்தவை. ஒரு பூண்டிற்குப் பல பெயர்; ஒரு பெயர்க்குப் பல பூண்டு. கரிசாலை என்றும், கையாந்தகரை என்றும், பொற்றலைக்கையான் என்றும் வருவனவற்றுள் எது வெண்பூவினது, எது மஞ்சட்பூவினது என்று குருமுகத்தாலன்றி அறிய இயலாது. தகுதியிலார் கையில் மருந்து சென்று கேடு செய்யாமைப் பொருட்டே அவ்வாறு மறைத்தனர் என்பது உண்மையே. ஆயினும் மகனுக்கும் சொல்லாது தந்தை இறக்க, அவரோடு முறையும் இறந்த குடும்பங்கள் எத்துணை! மன்னர் செய்தது இதற்கு நேர்மாறு. இன்ன நோய்க்கு இன்ன சரக்கு, இன்ன எடை, இன்ன பத்தியம் என்று வெளிப்பட எழுதுவித்தார். மூலிகைகளின் உருவைப் படமாகவும் தீட்டுவித்தார். மறைத்தலில் உள்ள அருளையும் வெளியிடுதலில் உள்ள அருளையும் ஒருங்கு நிறுத்தால், உயிர்க்கு உதவிய வகையில் யாம் மன்னர் பக்கமே சாய்கின்றோம். குருமரபில் நின்ற பெரியோர் மாறுபடக் கூடும். அவர் கருத்தையும் மதிக்கின்றோம்.

இனி, நோய் வினையின் பயனாயின் அதனை மருந்தால் தடுப்பது நுகர்ந்து தீர்க்க வேண்டியதைத் தள்ளிவைத்தலாகாதோ என்று மாணாக்கர் சிலர் எம்மை வினவியதுண்டு. தனு கரண புவன போகங்களை உயிர்க்கு இறைவன் தந்தது மலம் நீங்குதற்பொருட்டே. தந்த கருவியைத் துருவேற விடுதல் தந்தானைப் போற்றுதல் ஆகாது. நோயும் வினைவழி வந்ததே. மருந்தறியும் அறிவும், அதனை ஈயும் கையும், உண்டு தேறும் உடலும் அவ்வழியே வந்தன. திருமூலர் உடம்பைப் பேணியதும் இக்கருத்துப் பற்றியே. சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட நாவரசர்க்குத் திலகவதியார் ஈந்த திருநீறு, மருந்து கைவிட்ட விடத்தும் அருள் கைவிடாது என்பதைக் காட்டிற்றேயன்றி, மருந்தை இகழ்ந்ததன்று.

மன்னர் 1820-இல் பெரும்பரிவாரத்தோடு காசி யாத்திரை புறப்பட்டனர். அங்கும் அவர் தேடியவற்றுள் சுவடிகள் முதன்மையானவை. 1826-இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் பாதிரியார், மேனாட்டு அறிவியல் நூல்களில் மன்னர்க்கிருந்த பயிற்சியைக் கண்டு வியந்து எழுதிச் சென்றனர். 1832 மார்ச்சு 7-இல் மன்னர் இறைவனடி சேர்ந்தனர். அவர் மகனார் சிவாஜி 1855-இல் ஆண் மகவின்றி மறைய, கும்பினியார் எஞ்சிய அரசையும் எடுத்துக்கொண்டனர். அரண்மனைப் பொருள்களைக் குறித்து நெடிய வழக்கு நிகழ்ந்தது. மருத்துவ ஏடுகள் அவ்வளவு காலமும் செல்லரியாது கிடந்தமை நம் நற்பேறே. 1918-இல் நூல்நிலையம் பொதுமக்களுக்குரியதாயிற்று. அதன்பின் சரபேந்திரர் வைத்திய முறைகள் நீரிழிவு, கண்நோய், சுவாசகாசம், குன்மம், பாண்டு காமாலை எனத் தனித்தனிப் பகுதிகளாக அச்சேறின. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உரிய மருந்துகள் தனியொரு புத்தகமாக வந்தன.