மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இயற்றியருளிய தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் சைவவுலகம் நன்கறிந்தவை. ஆதலின் அவற்றை ஈண்டு விரியாது, உடனுள்ளாரின் அருமையை அவர் உள்ளபோதே உணர்தல் என்னும் ஒன்றினையே அப்பெரியார் வாழ்க்கையினின்று எடுத்துச் சிந்திக்கப் புகுகின்றோம்.

1815-ஆம் ஆண்டில் திரிசிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் தோன்றிய இவர்களுக்கு முதலாசிரியர் தந்தையாராகிய சிதம்பரம் பிள்ளையவர்களே. அவரை இளமையிலேயே இழந்தனர். கற்பிப்பார் என்றும் இருப்பார் என எண்ணியிருத்தல் தகாது என்னும் விரைவு அவர்களுக்கு அவ்விழப்பினால் வந்தது போலும் என்று யாம் கருதுவதுண்டு.

தண்டியலங்காரத்தை முறையாகக் கேட்டற்கு ஆசிரியர் வாய்க்காது வருந்திய நாளில், பிச்சையேற்றுண்ணும் பரதேசி ஒருவர் அந்நூலில் வல்லவர் என அறிந்தனர். அப்பரதேசியோ எளிதில் இணங்குபவரல்லர். எந்நாள் ஊரைவிட்டு அகல்வார் என்பதும் துணிதற்கில்லை. பிள்ளையவர்கள் தம் குடிப்பெருமை கருதாது, அவர் ஐயமேற்குந் தெருக்கள்தோறும் உடன்சென்று, வேண்டும் பணிவிடைகளைப் புரிந்து, அவர் மனம் நெகிழ்ந்த வேளைகளிற் பாடங் கேட்டு முடித்தனர். கஞ்சாவும் வாங்கிக் கொடுத்தார்கள் என்பர். அதனை மறைத்துரைக்க வேண்டுவதில்லை. இழுக்குடைய பாத்திரத்தில் இருந்ததேனும் அமுதம் அமுதமே அன்றோ! சென்னை சென்றும் காஞ்சீபுரம் சபாபதி முதலியார் முதலிய முதியோரை அடுத்து ஐயமறக் கேட்டனர்.

பிறரைப் போற்றுதலிலும் அவர்கள் நாள் கடத்தினாரல்லர். மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை கிறித்துவ சமயத்தவர். அவர்மீது குளத்தூர்க் கோவை பாடியளித்தது அவர் வாழ்நாளிலேயே. திருவாவடுதுறை ஆதீனம் மகாவித்துவான் என்னும் பட்டம் நல்கியதும் இவர்கள் வாழ்ந்திருந்த காலத்தே. அவ்வகையில் நம் மடங்கள் கடமை தவறவில்லை.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். பிள்ளையவர்கள் வாயினின்று செய்யுட்கள் ஏடெழுதுவார் கை சலிக்குமாறு பெருகின. பெருகுவதனாலேயே அவற்றின் அருமை உடனிருந்தார்க்குப் புலப்படவில்லை. ஆற்றங்கரையில் இருப்பார் நீரை அளந்து வைப்பதில்லை. எழுதி வையாது போன தனிச்செய்யுட்கள் பல. மாணாக்கர்க்கு ஊணும் பாடமும் அளித்து ஓயாது உழைத்த அவ்வுடல் தளர்வதை அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் திருவாவடுதுறையில் அவர்கள் சிவபதம் எய்தினர். இறுதிவேளையில் திருவாசகத்து அடைக்கலப்பத்தை அருகிருந்து ஓதியவர் சாமிநாதையர். அப்போது அவருக்கு இருபத்தொரு வயதும் நிரம்பவில்லை. ஆசிரியரை அடுத்திருந்ததோ ஏறத்தாழ ஐந்து ஆண்டே. அவ்வைந்தாண்டில் கண்டவற்றையும் கேட்டவற்றையும் மறவாது போற்றிவந்த ஐயரவர்கள், ஆசிரியர் வரலாற்றை இரு பாகங்களாக 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். அதற்குள் ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பிள்ளையவர்களை நெருங்கிப் பழகி அறிந்த ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும், மூத்த மாணாக்கராகிய தியாகராச செட்டியாரும் 1888-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டனர். அவ்விருவரிடமும் இன்னும் கேட்டு வைத்திருக்கக் கூடியவை எத்துணையோ!