ஐடா அம்மையாரின் தர்மசங்கடம்

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022-ல் திறந்தார்கள். அங்கே ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். இன்று இது சாதாரண விஷயம். ஆனால் ஒரு காலத்தில் இதே விஷயம் ஒரு பெண் டாக்டரின் மனதைப் படாத பாடு படுத்தியது. அவர்தான் வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தகப்பனார் அமெரிக்கப் பாதிரியார், டாக்டரும்கூட. பாட்டனாரும் டாக்டர்தான். ஆனால் ஐடாவுக்கு அந்தத் தொழிலே பிடிக்கவில்லை. அமெரிக்காவில் குடித்தனம் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார்.

கதவைத் தட்டிய மூவர்

ஓர் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிமாரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவை வரச் சொன்னார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. தகப்பனாரை அனுப்புவதாகச் சொன்னார். அந்நிய ஆண் வரக் கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் பிணமாகிவிட்டார்கள்!

திண்டிவனமும் கள்ளக்குறிச்சியும் அன்று ஒரே தென்னார்க்காடு ஜில்லா. கல்வராயன் மலைப்பக்கத்தில் எத்தனை வீடுகளில் இதே கதை நடந்ததோ! கணக்கு எழுதி வைத்தவர் யார்?

ஐடா கப்பலேறினார். 1899-ல் டாக்டர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி எழும்பியது. 1918-ல் பெண்களுக்கு மட்டுமான வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார். பெண்களுக்கு இந்தப் படிப்பு ஏறுமா என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். முதல் பரீட்சையில் அவருடைய 14 மாணவிகளும் தேறினார்கள்.

இருதலைக் கொள்ளி

1930-களின் கடைசியில் சோதனை வந்தது. இனிச் சிறிய டாக்டர் படிப்பு கூடாது, பல்கலைக்கழகப் பட்டம்தான் வேண்டும் என்று சென்னை சர்க்கார் முடிவு செய்தது. அதற்குக் கூடுதல் படுக்கைகள் வேண்டும். பெரிய படிப்புப் படித்த ஆசிரியர்கள் வேண்டும். பணமோ மலைபோல் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான்.

1941-ல், 70 வயது தாண்டிய ஐடா பணம் திரட்ட அமெரிக்கா போனார். உதவி செய்யக்கூடிய சபைகள் பல, ஆண்களையும் சேர்த்தால்தான் கொடுப்போம் என்றன. ஆனால் அதுவரை பணம் கொடுத்தவர்கள் பெண்களுக்கென்றே கொடுத்தவர்கள். அமெரிக்கப் பெண்களிடையே நிதி திரட்டித் தந்த லூசி பீபாடி அம்மையார், ஐடாவின் நெடுநாள் தோழி. ஆண்களைச் சேர்ப்பது கொடுத்த வாக்கை மீறுவது என்று அவர் கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை ஐடாவால் எப்படி மறுக்க முடியும்? பெண்களுக்காகவே டாக்டரானவர் அல்லவா அவர்!

ஒப்பினால் வாக்குத் தவறுகிறது. ஒப்பாவிட்டால் பள்ளியே போய்விடுகிறது. பள்ளி போனால் நோயாளிப் பெண்களை யார் பார்ப்பார்கள்? கடைசியில் ஐடா ஒப்புக்கொண்டார். சுலபமாக அல்ல.

1942-ல் பட்டப் படிப்பு தொடங்கியது. 1946-ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். 1947-ல் முதல் ஆண் மாணவர்கள் வேலூர் வந்து சேர்ந்தார்கள். பெண்களும் தொடர்ந்து படித்தார்கள். ஐடா அம்மையார் 1960 மே மாதம், கோடைக்கானலில் தம் வீட்டில் காலமானார்.