பாட்டுப் புத்தகங்களை எண்ணிய பாதிரியார்

1861-ம் ஆண்டு ஜூலை 24. கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் ஓர் ஆங்கிலேயத் திருச்சபைப் பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் செய்த குற்றம், ஒரு வங்க நாடகத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டது. தீர்ப்பு வந்த கையோடு அபராதத் தொகையை நீதிமன்றத்திலேயே கட்டியவர் காளிபிரசன்ன சின்ஹா என்ற இளைஞர். மகாபாரதத்தை வங்க உரைநடையில் பெயர்த்துத் தந்தவர் அவர்தான். ஆனால் சிறைவாசத்தைப் பாதிரியாருக்குப் பதிலாக வேறெவரும் ஏற்க முடியாதல்லவா? கோடை கழிந்து மழை பிடித்த அந்த மாதத்தைக் கல்கத்தா சிறையில் கழித்தார் ஜேம்ஸ் லாங்.

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் 1814-ல் பிறந்தவர் லாங். திருச்சபை ஊழியராக 1840-ல் கல்கத்தா வந்தார். நகருக்குத் தெற்கே தாகுர்புகூர் கிராமத்தில் பள்ளி நடத்தினார். மதம் மாற்ற வந்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் தாம் பேச வந்த மக்கள் தங்களுக்குள் என்ன பேசுகிறார்கள், எதைப் பாடுகிறார்கள், எதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்தவராக இருந்தார். வெள்ளையர் குடியிருப்பிலிருந்து சற்றே வடக்கே நடந்தால் வரும் சித்பூர் சாலையும் பட்தலாவும் அவருக்குப் பாடசாலை ஆயின.

பட்தலா என்றால் ஆலமரத்தடி என்று பொருள். அந்தப் பகுதியின் சிறு அச்சகங்களில் பஞ்சாங்கம், கபி பாடல்கள், பாஞ்சாலி, யாத்ரா கூத்துக்கான பாட்டுகள், கேலி நாடகங்கள், புராணக் கதைகள் எல்லாம் மட்டமான தாளில் அச்சாகிச் சில அணாக்களுக்கு விற்றன. தலையில் புத்தகங்களைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்றவர்கள் கல்கத்தாவில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் இருந்தனர் என்று லாங் கணக்கெடுத்தார். மழைக்காலத்தில் அவர்களில் பலர் வயல் வேலைக்குத் திரும்பிவிடுவார்களாம். கற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய இந்தத் தாள்களை அவர் வாங்கிச் சேர்த்தார், வகைப்படுத்தினார். 1855-ல் வெளிவந்த அவரது விளக்க அட்டவணையில் 1,400 வங்க நூல்களும் சிற்றேடுகளும் இடம்பெற்றன. 1857-ல் கல்கத்தாவின் வங்க அச்சகங்கள் விற்பனைக்கென அச்சிட்டவை ஐந்தரை லட்சம் பிரதிகளுக்கும் அதிகம் என்று பின்னர் அரசுக்கு அளித்த அறிக்கையில் காட்டினார். அவற்றில் ஒரு லட்சத்துக்கு மேல் பஞ்சாங்கங்களே. ஒருவர் படிக்கப் பலர் சுற்றி அமர்ந்து கேட்கும் வழக்கத்தைக் கணக்கில் கொண்டு, பிரதி ஒன்றுக்குப் பத்துப் பேராவது கேட்பவர்கள் என்றும் மதிப்பிட்டார். எழுத்தறிவு விகிதத்தை வைத்து மக்களின் அறிவை அளக்கும் இன்றைய புள்ளிவிவரக்காரர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பது நல்லது.

அந்த அட்டவணையில் உள்ள பல பாட்டுப் புத்தகங்களின் ஒரு பிரதிகூட இன்று எந்த நூலகத்திலும் இல்லை. கரையானும் ஈரமும் தின்றவை போக, அவை இருந்தன என்பதற்கு லாங் எழுதிவைத்த வரிகளே சாட்சி. சென்னையில் ஜான் மர்டாக் தமிழ் அச்சு நூல்களுக்கு வகைப்படுத்திய அட்டவணை வெளியிட்டது இதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1865-ல்தான்.

லாங்கை மக்கள் கலையின் காவலர் என்று மட்டும் போற்றுவது முழு உண்மை ஆகாது. தாசரதி ராய் போன்றோரின் பாஞ்சாலிப் பாட்டுகளைப் பட்டியலிட்ட அதே கை, அவற்றில் பலவற்றை ஆபாசம் என்று முத்திரை குத்தியது. 1856-ல் ஆபாச நூல் விற்பனைக்குத் தடைச் சட்டம் வந்தபோது அதை வரவேற்றவர்களில் அவரும் ஒருவர். 1857 எழுச்சிக்குப் பின் அவர் முன்வைத்த வாதமும் இருமுனைக் கத்தி. தில்லியின் நாட்டுமொழிப் பத்திரிகைகளை அரசு முன்கூட்டியே படித்திருந்தால் வரப்போவதை அறிந்திருக்கலாம் என்றார் அவர். மக்கள் குரலுக்குச் செவிகொடுங்கள் என்பது அவர் உள்ளக்கிடக்கை. மக்களைக் கண்காணியுங்கள் என்று ஆட்சி புரிந்துகொண்டது.

இந்தச் சூழலில்தான் நீல தர்ப்பணம் வந்தது. அவுரித் தோட்ட வெள்ளை முதலாளிகள் வங்க உழவர்களை முன்பணக் கடனில் பிணைத்து, நெல் விளையும் நிலத்தில் அவுரியைக் கட்டாயப்படுத்திப் பயிரிடவைத்தனர். 1859-ல் உழவர்கள் மறுத்து எழுந்தார்கள். தபால் துறை அதிகாரியான தீனபந்து மித்ரா அந்தக் கொடுமையை நாடகமாக்கி 1860-ல் டாக்காவில் பெயரின்றி வெளியிட்டார். அதன் ஆங்கில வடிவை வங்க அரசின் செயலர் சீட்டன் கார் அறியவே லாங் அச்சிடுவித்தார். ஐந்நூறு பிரதிகளில் 202 பிரதிகள் அரசு முத்திரையிட்ட உறைகளில் அனுப்பப்பட்டன. தோட்ட முதலாளிகள் கொதித்தனர். இரு ஆங்கில நாளேடுகள் பணத்துக்கு விலைபோயின என்று நாடக முன்னுரை கூறியதைப் பிடித்துக்கொண்டு அவதூறு வழக்குத் தொடுத்தனர்.

அச்சகத்தார்மீதுதான் முதலில் வழக்கு. லாங் தாமே முன்வந்து பொறுப்பேற்றார். மொழிபெயர்த்தவர் யார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர்தான் என்ற செய்தி நெடுங்காலம் உலவியது. ஆய்வாளர்கள் அதை ஒருமனதாக ஏற்கவில்லை. விசாரித்த நீதிபதி மார்டன்ட் வெல்ஸ் வங்காளிகளை இழித்துப் பேசி வந்தவர். அவரைத் திரும்ப அழைக்கக் கோரி அவ்வாண்டே கல்கத்தா பிரமுகர்கள் பொதுக்கூட்டம் கூட்டினர்.

சிறை மீண்ட லாங் தாயகம் சென்று 1866-ல் திரும்பினார். 1867-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு இந்திய அரசு அனுப்பிய நாட்டுமொழி நூல்களுக்கு அட்டவணை தயாரித்தார். அதே ஆண்டு வந்த அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம் ஒவ்வொரு நூலையும் அரசுக்கு அளிக்கச் செய்தது. லண்டன் நூலகத்தில் இந்திய மொழிகளின் சிற்றேடுகள் இவ்வளவு குவிந்திருப்பதும், தடை செய்யப்படவேண்டியவை எவை என்று ஆட்சி சலித்தெடுத்ததும் அதே பதிவேடுகளால்தான். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023-ல் நாடாளுமன்றம் இயற்றிய புதிய சட்டம் பருவ இதழ்களை மட்டுமே பற்றியது.

1872-ல் லாங் இந்தியாவை விட்டு நிரந்தரமாகப் புறப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 7-ம் தேதி கல்கத்தாவில் கட்டணம் வாங்கி நடத்தும் பொது அரங்கு தொடங்கியது. முதல் நாடகம் நீல தர்ப்பணமே. நான்கே ஆண்டுகளில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவிலும் உயிரோடிருந்த அச்சட்டத்தை 2018 ஜனவரியில்தான் மத்திய அரசு ஏட்டிலிருந்து நீக்கியது. அதன் வழிவந்த தமிழகத்தின் 1954-ம் ஆண்டுச் சட்டம், எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது.

லாங் 1887 மார்ச் 23-ல் லண்டனில் காலமானார். அவர் பள்ளி நடத்திய தாகுர்புகூர் இன்று கோல்கத்தா மாநகரின் ஒரு பகுதி. அதன் வழியே செல்லும் நெடிய சாலைக்கு ஜேம்ஸ் லாங் சரணி என்று பெயர்.